பின்னால் வலது

“இங்க வந்து கொஞ்சம் உக்காரு” என்று அவன் கூடத்திலிருந்து கூப்பிட்டபோது அவள் பாத்திரத்தின் அடிப்பிடிப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி வந்து நின்றாள். அவன் தன் நாற்காலியில் இல்லை. அதற்கு எதிரே, டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ரிமோட் மடியில் கிடந்தது. அவள் வழக்கம்போல சோபாவின் ஓரத்துக்குப் போனாள்.

“அங்க இல்ல. என் சேர்ல உக்காரு.”

அந்த நாற்காலியில் அவள் அதுவரை உட்கார்ந்ததில்லை. கூடத்தின் நட்டநடுவில், இரண்டு பக்கச் சுவர்களுக்கும் ஒரே தூரத்தில், தரையில் அவன் ஒட்டியிருந்த கறுப்பு டேப் துண்டுகளின் மேல் நான்கு கால்களும் பொருந்தி நிற்கிற நாற்காலி அது. தரை துடைக்கும்போது கை பட்டு நகர்ந்துவிட்டால்கூட வீடு இரண்டுபடும். நுனியில் உட்கார்ந்தாள்.

“நல்லா சாஞ்சு உக்காரு. கண்ணை மூடிக்க. சத்தம் எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு மட்டும் சொல்லு.”

“எந்தச் சத்தம்?”

“ஹெலிகாப்டர் ஒண்ணு வரும்.”

வந்தது. முதலில் இடது மூலையில் ஈ ரீங்காரம்போல ஆரம்பித்து, டிவிக்கு நேர் மேலே பெருத்து, நெஞ்செலும்பில் அடித்து, பிறகு வலப்பக்கமாகத் திரும்பிப் போயிற்று. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். இடது. நடுவுல. இப்ப வலது. இப்ப பின்னாடி போகுது.

“பின்னாடின்னா எந்தப் பின்னாடி?”

“வலது. பின்னால் வலது.”

கண்ணைத் திறந்தாள். அவன் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவன் பரிமாறுகிறவர் கையைப் பார்ப்பதைப்போல.

அவனுடைய வலது காது போய் அப்போது சில மாதங்கள் ஆகியிருந்தன.

அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஊருக்கு வெளியே, லாரிகள் வரிசைகட்டி நிற்கிற ஒரு பெரிய கிடங்கில் வேலை. பேலட் என்கிற மரத்தட்டின் மேல் அடுக்கிய பெட்டிகளை அப்படியே தூக்கி, மூன்றாள் உயர இரும்பு அடுக்குகளில் கொண்டுபோய்ச் செருகுவான். முட்டையை வைத்தாலும் உடையாமல் வைப்பான் என்று கிடங்கில் பேச்சு. அவளுக்கு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. ஈர விரிப்புகளை ரோலருக்குள் ஊட்டிவிடுவது. ரோலர் ஓடுகிற இரைச்சலில் அங்கே யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. உதட்டை அசைத்தும் புருவத்தைத் தூக்கியுமே வீட்டுக் கதை, நாட்டுக் கதை எல்லாம் நடந்துவிடும். வீட்டுக்கு வந்தால் அவளுக்கு எந்தச் சத்தமும் வேண்டியிருக்காது. அவனுக்கோ கிடங்கின் ஹார்ன்களையும் இரும்புச் சத்தங்களையும் கழுவிக் கொட்டுவதற்கு வேறு சத்தம் வேண்டும்.

அப்படித்தான் பெட்டி வந்தது. ரிசீவர் என்பது அதன் சரியான பெயர். இரண்டு வருட ஓவர்டைமில் வாங்கி, வாடகை வண்டியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருகிறவனைப்போல வண்டிக்காரனிடம் பள்ளம் பார்த்துப் போகச் சொன்னானாம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பேசி ஓய்ந்து பல வருடமாயிற்று. “எனக்கு ஒரு சக்களத்தி வந்திருக்கா, கறுப்பா, சதுரமா இருக்கா” என்று அவள் சலவைப் பிரிவில் உதட்டை அசைத்துச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, மூலையில் முரசு மாதிரி ஒன்று என்று ஸ்பீக்கர்கள் முளைத்தன. அறையை அளப்பதற்கு ஒரு சின்ன மைக் இருந்தது. அதை நாற்காலியில் தலை உயரத்துக்கு நிறுத்தி, காற்றாடியை அணைத்து, ஃப்ரிட்ஜின் பிளக்கைக்கூடப் பிடுங்கிவிட்டு, அவளை மூச்சுவிடாமல் நிற்கச் சொன்னான். சரியாக அந்த நேரம் பார்த்து அவளுக்குத் தும்மல் வந்தது. “போச்சு. இனிமே நீ அடுப்படியில தும்மினா எனக்கு நாலு பக்கமும் கேக்கும்” என்றான்.

சத்தத்தை எப்படிப் பிரித்துப் போடுவது என்பதற்குப் பெட்டியில் பல வகை வைத்திருந்தார்கள். சினிமா, மியூசிக், கேம், ஹால், ஸ்டேடியம், கிளப், நைட், மோனோ. ரிமோட்டை அமுக்க அமுக்க நீல எழுத்தில் பெயர்கள் ஓடும். எந்தப் படம் போட்டாலும் முதல் பாதி முழுக்க அவன் இதைத்தான் செய்துகொண்டிருப்பான். இதில் பேச்சு தெளிவா இருக்கு, அதில் பின்பக்கம் நிறைஞ்சிருக்கு, இதில் எல்லாம் குகைக்குள்ள பேசற மாதிரி இருக்கு. “வில்லனே செத்துட்டான், நீங்க இன்னும் மோடு மாத்திட்டு இருக்கீங்க” என்பாள். “உனக்கு எல்லாம் ஒண்ணுதான். உன்னோடது ரேடியோ காது” என்பான். அவளும் ஒத்துக்கொள்வாள். அவளுக்குத் தெரிந்த மோடு இரண்டுதான்: சத்தமாக, மெதுவாக.

ஒரு நாள் காலையில் எழுந்தபோது வலது காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது என்றான். தலையை ஒருக்களித்துக் குதித்துப் பார்த்தான். உள்ளே இயந்திரம் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல் வேறு. மருந்துக்கடைக்காரர் எட்டிப்பார்த்து, அழுக்குதான், சொட்டு விட்டால் இளகிவிடும் என்று ஒரு புட்டியைக் கொடுத்தார். சொட்டு தீர்ந்தது. இன்னொரு புட்டியும் தீர்ந்தது. அப்புறம்தான் காது டாக்டரிடம் போனார்கள். சின்ன வயதுப் பெண். அவனைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னாள். வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்கு, அவன் கை தூக்காமல் உட்கார்ந்திருந்த நேரம் முடிவதாகவே இல்லை. அவன் முகத்தில் கவலைகூட இல்லை. சோதனை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்தான்.

“நரம்புல வந்திருக்கு. உடனே வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம்” என்றாள் டாக்டர்.

“இப்ப மிஷின் ஏதாவது வெச்சா?” என்று அவள் கேட்டாள்.

“கொஞ்சமாவது கேட்டாதான் மிஷின் அதைப் பெருசாக்கும். இதுல பெருசாக்க ஒண்ணும் இல்ல. வலது பக்கத்துச் சத்தத்தை இடது காதுக்குக் கொண்டுவர்ற மாதிரி ஒரு மிஷின் உண்டு. கேக்கும். ஆனா எந்தப் பக்கத்துலேருந்து கேக்குதுன்னு தெரியாது. அதுக்கு ரெண்டு காதும் வேணும்.” பிறகு அவனைப் பார்த்து, “இருக்கற காதைப் பத்திரமா பாத்துக்கங்க” என்றாள்.

எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருப்பது என்றால் என்ன என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அவள் குளியலறையிலிருந்து கூப்பிட்டால் அவன் வாசல் கதவைத் திறந்துகொண்டு போய் நின்றான். போன் அடித்தால் கட்டிலுக்கடியில், அலமாரியில், செருப்புக்குப் பக்கத்தில் எல்லாம் தேடினான். அது அவன் சட்டைப்பையில் இருந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். கொஞ்ச நாள் அது ஒரு விளையாட்டாகவே ஓடியது. பிறகு ஒரு சாயங்காலம் ரோட்டைக் கடக்கும்போது பின்னாலிருந்து லாரி ஹார்ன் அடிக்க, அவன் ஒதுங்குவதாக நினைத்து நேராக அதற்கு முன்னால் போய் நின்றான். சட்டையைப் பிடித்து இழுத்தாள். பித்தான் ஒன்று தெறித்துப்போயிற்று. “தெரியும் எனக்கு, பாத்துட்டுதான் இருந்தேன்” என்றான். அன்றைக்கு அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

கிடங்கில் அவன் சொல்லவில்லை. “ஒரு காது போதும். கண்ணு ரெண்டும் இருக்குல்ல” என்றான். அவளும் விட்டுவிட்டாள்.

பெட்டியை மட்டும் அவனால் விட முடியவில்லை. அவனைப் பொறுத்தவரை ஐந்து ஸ்பீக்கரும் ஒரே இடத்திலிருந்து, இடது கன்னத்துக்குப் பக்கத்திலிருந்து, ஒரே குப்பையாகக் கொட்டின. ஆனால் டாக்டர் சொன்ன அந்த மிஷின் அவன் மனதில் தங்கிவிட்டது. வலது பக்கத்தை இடதுக்குக் கொண்டுவர முடியும் என்றால், கொண்டுவருகிறபோது அதை ஏதாவது மாதிரி மாற்றிக் கொண்டுவந்தால், கொஞ்சம் தாமதமாகவோ, கொஞ்சம் எதிரொலியுடனோ, அப்போது இது வலது என்று மூளைக்குப் பழகிவிடாதா? பெட்டி விற்ற கடைக்குப் போன் போட்டுக் கேட்டான். தனக்குத் தெரிந்த ஒருவருக்காகக் கேட்பதாகச் சொன்னான். கடைக்காரன் என்ன சொன்னானோ, “அவனுக்கு ஒண்ணும் தெரியல” என்று போனை வைத்துவிட்டான்.

அப்படித்தான் அவள் அந்த நாற்காலிக்கு வந்தது. ஞாயிறுதோறும் அவள் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, எது எங்கிருந்து வருகிறது என்று சொல்வாள். அவன் தரையில் உட்கார்ந்து தனக்குக் கேட்பதை அதோடு ஒப்பிட்டுக்கொள்வான். இந்த மோடில் கதவு சாத்துகிற சத்தம் வலதிலிருந்து வந்தால் அவனுக்கு எப்படி இருக்கிறது, அந்த மோடில் எப்படி. ஆரம்பத்தில் அவளுக்கு இது தண்டனையாகத்தான் இருந்தது. போகப்போகக் காது திறந்துகொண்டது. கண்ணாடி உடைந்து சில்லுகள் எந்த மூலையில் போய் விழுகின்றன என்றுகூடச் சொன்னாள். சினிமாவுக்கும் ஹாலுக்கும் வித்தியாசம் தெரிந்தது. ஹாலில் எல்லாச் சத்தத்துக்கும் ஒரு வால் இருந்தது. சலவைப் பிரிவில் ரோலரின் இரைச்சலுக்குள்ளே பின்னால் ஒரு பல்சக்கரம் தேய்கிறதை முதன்முதலாகக் கேட்டாள். இத்தனை வருடத்தில் அவன் தன்னிடம் எதையும் இப்படிக் கேட்டு, சொல்வதற்காக முகத்தைப் பார்த்துக் காத்திருந்ததில்லை என்று நினைத்துக்கொண்டாள். வெளியே சொல்ல வெட்கமாக இருந்தாலும், அந்த ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்குப் பிடித்திருந்தன.

அதனால்தானோ என்னவோ, ஒரு ஞாயிறு, ஹால் மோடில் வைத்துவிட்டு அவன் கண்ணை மூடிக்கொண்டு, “இப்ப நான் சொல்றேன், சரியான்னு நீ சொல்லு” என்றபோது அவள் மனதைக் கல்லாக்கிக்கொள்ள முடியவில்லை. அவனுக்கு மனப்பாடமான படம். துப்பாக்கி வெடித்தது. “வலது” என்றான். வலதுதான். “சரி” என்றாள். ஒரு பெண் கூப்பிட்டாள். “பின்னால் வலது” என்றான். அது இடது. அவன் முகம் அப்படிக் குவிந்து, நெற்றியில் வியர்த்து, குழந்தை எழுத்துக்கூட்டுவதைப்போல இருந்தது. “சரி” என்றாள். கார் ஒன்று சீறிப் போனது. “வலதுலேருந்து இடது.” அதுவும் தப்பு. அதற்கும் சரி என்றாள். அவன் கண்ணைத் திறந்தான். எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தான். அந்த வாரம் முழுக்க வீட்டில் சீட்டியடித்துக்கொண்டு திரிந்தான். சீட்டி சுருதியில்லாமல் இருந்தது.

அடுத்த வாரம் சாப்பிடும்போது, ஒரு தமாஷ் நடந்தது கேளு என்று ஆரம்பித்தான். கிடங்கில் லேபிள் ஒட்டுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள், புதிதாக வந்தவள், துடுக்கு. அவன் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அவள் ஏதோ கத்தியிருக்கிறாள்.

“எனக்கு நல்லா இடது பக்கம் கேட்டுது. சரின்னு வலதுல ஒடிச்சேன். பாத்தா அவ வலதுலதான் நிக்கிறா. பேலட்டு நொறுங்கிப் போச்சு. நல்லவேளை, அது நடுவுல இருந்துச்சு.”

“எது நடுவுல?”

“பேலட்டு. அவளுக்கும் வண்டிக்கும் நடுவுல.” சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தான். “அந்தப் பொண்ணு என்னைப் பாத்த பார்வை இருக்கே.”

“இனிமே பின்னாடி எடுக்கும்போது நின்னு பாத்து எடுங்க.”

“அதெல்லாம் பழக்கத்துல வந்துரும். இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா வலது பிடிபடுது. நீதான் பாத்தியே.”

அவளுக்குக் கையிலிருந்த சோறு வாய்க்குப் போகவில்லை. தட்டைக் கழுவுகிற சாக்கில் எழுந்து குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கூடத்துக்கு வந்தாள். அவன் காலை நீட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து ஹால் மோடில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். தலை லேசாக வலப்பக்கம் சாய்ந்திருந்தது. திரும்பிப் போய்விட்டாள்.

இரண்டு நாள் அந்தப் பெண் அவள் மனதை விட்டுப் போகவில்லை. பார்த்ததே இல்லை. ஆனாலும் விரிப்பை ரோலருக்குள் கொடுக்கும்போதெல்லாம் ஒரு சின்ன உருவம் இரும்புக்கும் சுவருக்கும் நடுவில் நின்றது. மூன்றாம் நாள் மதியம், வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பி கிடங்குக்குப் போனாள். வழியெல்லாம் திரும்பிவிடலாம் என்றே நடந்தாள்.

சூப்பர்வைசர் தெரிந்தவர்தான். வீட்டுக்கு வந்து பெட்டியில் மேட்ச் பார்த்துவிட்டு, கூட்டம் நம்ம முதுகுக்குப் பின்னாலேயே கத்துதுப்பா என்று வியந்துவிட்டுப் போனவர். கண்ணாடி போட்ட அறையில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன தங்கச்சி, இந்த நேரத்துல? அவன் லோடு இறக்கிட்டு இருக்கான். கூப்பிடவா?”

“வேண்டாம் அண்ணா. உங்களைப் பாக்கத்தான் வந்தேன்.” மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அவருக்கு வலது காது கேக்காது.”

“எனக்கு ரெண்டுமே கேக்கறதில்லன்னு எங்க வீட்ல சொல்றாங்க” என்று சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் பேனாவை மூடினார். “எப்பலேருந்து?”

சொன்னாள்.

“அன்னிக்கு பேலட்டு உடைஞ்சது அதாலதானா?” மூடின பேனாவை மேசையில் வைத்தார். “ஏம்மா எங்கிட்ட சொன்னே? தெரிஞ்சப்புறம் நான் சும்மா இருக்க முடியாது.”

“தெரிஞ்சுதான் அண்ணா சொல்றேன்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பெண் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். கையோடு எடுக்க வசதியாக, முழங்கை வரைக்கும் லேபிள்களைத் தன் மேலேயே ஒட்டி வைத்திருந்தாள். நினைத்ததைவிட உயரமாக, நினைத்ததைவிட வயது கூடவாக இருந்தாள். யாரிடமோ ஏதோ சொல்லிக் கண்ணை உருட்டினாள்.

“நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்.”

“எல்லாருக்கும் டெஸ்ட்டுன்னு வெச்சுடறேன். வருஷா வருஷம் வெக்க வேண்டியதுதான், வெக்கறதில்ல.” அவர் எழுந்து வாசல் வரைக்கும் வந்தார். “வண்டியை விட்டு இறக்கினா அவன் தாங்குவானா?”

அவள் வாசலைத் தாண்டி வெயிலில் நடந்தாள்.

டெஸ்ட் நடந்தது. சாயங்காலம் வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, “எல்லாருக்கும் காது டெஸ்ட் வெச்சாங்க. என் நேரம்” என்றான். வேலையை விட்டு அனுப்பவில்லை. பேலட்டில் அடுக்கிய பெட்டிகள் சரியாமல் இருக்க பிளாஸ்டிக் தாள் சுற்றுகிற வேலைக்கு மாற்றினார்கள். தாள் உருளையைக் கையில் பிடித்துக்கொண்டு, குனிந்து, பெட்டிக்கட்டைச் சுற்றிச்சுற்றி நடக்க வேண்டும். கீழிருந்து மேல் வரை. பிறகு அடுத்த கட்டு. அவனுடைய வண்டியை ஓர் இளைஞன் ஓட்டினான். இவன் சுற்றி முடித்த கட்டைத் தூக்கிக்கொண்டு போக அந்த வண்டிதான் வரும். முதல் வாரம் ராத்திரி படுத்தால் கட்டில் சுற்றுகிறது என்றான். காலைப் பிடித்துவிட்டாள். ஆடுசதை கல்லாக இருந்தது.

ஞாயிறு வந்தது. படம் போட்டான். தரையில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தான். அவள் தானாகவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“டெஸ்ட் எடுக்க வந்தவர் நல்ல மனுஷன்” என்றான் டிவியைப் பார்த்துக்கொண்டே. “எல்லாருக்கும் இடது காதுலேருந்து ஆரம்பிச்சார். நான் உள்ள போனதும், ஓ, நீங்கதானா, வலதுதானே, அதை முதல்ல பாத்துடலாம்னார்.”

படத்தில் யாரோ படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். இடது, நடு, வலது. அவளுக்குத் துல்லியமாகக் கேட்டது.

“அது உனக்கும் அந்த டாக்டரம்மாவுக்கும்தான் தெரியும். டாக்டரம்மாவுக்கு எங்க கிடங்கு எங்க இருக்குன்னு தெரியாது.”

“நான்தான் சொன்னேன்.”

அவன் தலையாட்டினான். “அந்தப் பொண்ணுக்காகவா?”

“ஆமா.” பிறகு, “உங்களுக்காகவும்தான்” என்றாள்.

“என்னை விடு.” ரிமோட்டைப் புரட்டிப் பார்த்தான், அதன் முதுகில் ஏதோ எழுதியிருப்பதுபோல. “அப்ப ஹால் மோடு? அன்னிக்கு நான் சொன்னதுக்கெல்லாம் சரி சரின்னியே.”

அவள் கைகளை நாற்காலியின் கைப்பிடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஒண்ணு சரியாத்தான் சொன்னீங்க” என்றாள்.

“ம்” என்றான். அவன் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. எட்டிப் பெட்டியை அணைத்துவிட்டு, வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தான். அவள் இருட்டும்வரை அந்த நாற்காலியிலேயே இருந்தாள்.

அதற்குப் பிறகு சண்டை என்று எதுவும் வரவில்லை. உப்பு குறைவு, தண்ணீர் நின்றுவிட்டது, சாவியை எடுத்துக்கொண்டாயா என்கிற பேச்செல்லாம் இருந்தது. நாற்காலியில் உட்காரச் சொல்லி அவன் கூப்பிடுவதில்லை. அவனும் உட்காருவதில்லை. தரையிலிருந்த டேப் துண்டுகளில் ஒன்று துடைக்கும்போது உரிந்து வந்தது. அவள் பயந்துகொண்டே காட்டினாள். “போட்டுடு” என்றான்.

அவன் தூங்குகிற விதம் மாறியிருந்ததை அவள் தாமதமாகத்தான் கவனித்தாள். எப்போதும் மல்லாந்து படுக்கிறவன், இப்போது இடப்பக்கமாக ஒருக்களித்து, இடது காதைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டு படுத்தான். வண்டி ஓட்டின தோளில் வலி என்று முதலில் நினைத்தாள். ஒரு நாள் சமையலறையில் கையிலிருந்து தட்டுகள் நழுவி மொத்தமாகச் சரிந்தன. பக்கத்து வீட்டில் என்ன என்னவென்று கேட்டார்கள். அவள் ஓடிவந்து பார்த்தபோது அவன் அசையாமல் படுத்திருந்தான். மூச்சு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் புரிந்தது. நல்ல காதை அழுத்திக்கொண்டால் அவனுக்கு எல்லாக் கதவும் சாத்திக்கொள்ளும். யாரும் உள்ளே வர முடியாது. எழுப்ப வேண்டுமென்றால் தொட வேண்டும். தொட்டால் அடி விழப்போவதைப்போலத் துடித்து எழுந்து கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவருவான். அதற்காகவே அவள் பக்கத்தில் வந்து, அவன் தானாகக் கண் விழித்துத் தன்னைப் பார்க்கும்வரை நின்றுகொண்டிருக்கப் பழகினாள்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது படம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் சோபாவில், டிவிக்கு முதுகைக் காட்டி, இடது காது மெத்தைக்குள் அமுங்கக் கிடந்தான். படத்தில் மழை. யாருமில்லாத ஒரு தெருவில் கொட்டிக்கொண்டிருந்தது. முன்னால் தகரத்தின் மேல், பின்னால் இலைகளின் மேல், வலது மூலையில் எங்கோ ஒரு வாளிக்குள். சத்தம் மிக அதிகமாக வைக்கப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டில் ஏதாவது சொல்லப்போகிறார்கள்.

“என்னங்க” என்றாள். பிறகு, அவனுடைய வலது காதுக்கு மிக அருகில் குனிந்து, சலவைப் பிரிவில் பேசுவதைப்போலச் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து எதையோ சொன்னாள். அவன் முதுகு ஏறி இறங்கியது.

அவன் விரல்களுக்கடியில் கிடந்த ரிமோட்டை, தோல் படாமல், மெல்ல உருவினாள். இத்தனை ஞாயிறுகளில் அதை அவள் கையில் வாங்கியதே இல்லை. எது சத்தத்தைக் குறைக்கும் என்று தெரியவில்லை. பெரிதாக இருந்த ஒன்றை அமுக்கினாள். பெட்டியில் நீல எழுத்து மாறியது. மழை ஒரு பெரிய மைதானத்தில் பெய்தது. மறுபடி அமுக்கினாள். அது தாழ்ந்த கூரையுள்ள அறைக்குள் வந்தது. இன்னொரு முறை அமுக்கியதும் எல்லாத் திசையும் ஒடுங்கி, டிவிக்கு நடுவிலிருந்து மட்டும், யாரோ எங்கேயோ அரிசி புடைப்பதைப்போலக் கேட்டது. அதற்கடுத்ததில் திரும்பவும் நாலு பக்கமும் திறந்துகொண்டது. அவள் சோபாவுக்குக் கீழே, அவன் முதுகுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டே இருந்தாள். மழை கிட்டே வந்தது. தள்ளிப் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் பெய்தது. பிறகு நேரே தலைக்கு மேல்.